மேகமலைக்கு எந்த மாதம் நல்லது

மேகமலைக்கு எந்த மாதம் வந்தால் நல்லது என்று என்னிடம் கேட்காத ஆள் கிடையாது. சின்னமனூரில் இருந்து மலைக்குப் போகும் ரோட்டில் என் ஒர்க்‌ஷாப் இருக்கிறது. ஏறும் வண்டி காற்றுப் பிடிக்க நிற்கும். இறங்கும் வண்டி எதையாவது உடைத்துக்கொண்டு வந்து நிற்கும். நான் அடிக்கடி மலை ஏறுகிறவன் இல்லை. வண்டிகளைப் பார்த்தே எனக்கு மலை தெரியும். ஆனி, ஆடியில் இறங்கும் வண்டியின் கால்மிதியில் அட்டை நெளியும். ஐப்பசியில் சக்கரத்துக்குள் செம்மண் அப்பியிருக்கும், சரிந்த மண்ணைத் தாண்டி வந்திருக்கிறான் என்று அர்த்தம். மார்கழியில் வருகிறவன், மேலே காலையில் செல்ஃப் எடுக்கவில்லை, தள்ளித்தான் ஸ்டார்ட் செய்தோம் என்பான். பங்குனி, சித்திரையில் ரேடியேட்டர் கொதித்துப் பொங்கும்.

கேட்டவனுக்கு உள்ளதைச் சொல்வேன். இப்போது மூட்டம், நீட்டிய கை உனக்கே தெரியாது, போகாதே என்பேன். அவன் திரும்பிப் போனால் எனக்கு வேலை போகும். போகட்டும். பொய் சொல்லி ஆளை மலையேற்றுவது என் தொழில் இல்லை.

இந்தப் பழக்கம் போன வருஷம் என் மகள் கல்யாணப் பேச்சில் வந்து விழுந்தது.

மகள் தேனியில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்தாள். ரத்தம் எடுத்து, பரிசோதித்து, ரிப்போர்ட் கொடுக்கும் வேலை. என் மனைவியின் அண்ணன் தாம்பரத்தில் இருந்து ஒரு வரன் கொண்டுவந்தார். ஜாதகம் பொருந்தியது. பையன் வீட்டில் போட்டோ பிடித்திருக்கிறது என்றார்கள். என் மகளும் பையன் போட்டோவைப் பார்த்துவிட்டு, “சரி, வரச் சொல்லுங்க” என்றாள். அதே வாரம் கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை கிடைத்தது. அவள் ரொம்ப நாள் முயற்சி செய்த வேலை. தாம்பரத்துக்கு வாழப் போகிறவள் கோயம்புத்தூரில் எதற்குப் போய் உட்கார வேண்டும் என்று நாங்கள்தான் தடுத்தோம். அவள் அந்த ஆஸ்பத்திரிக்காரர்களிடம் கொஞ்ச நாள் பொறுங்கள் என்று கேட்டுவைத்தாள்.

ஆனி மாதம் பையனின் அப்பா போன் போட்டார்.

“சம்பந்தி, வணக்கம்! நாங்க எட்டு பேர் வேன் எடுத்துட்டு வரலாம்னு இருக்கோம். பொண்ணையும் பாத்துட்டு, அப்படியே உங்க மேகமலையையும் பாத்துடலாம்னு பசங்க ஆசைப்படறாங்க. இப்ப சீசன் எப்படி இருக்கு?”

“இப்ப வராதீக சார். மலை பூரா மூட்டமாக் கெடக்கு. பக்கத்துல நிக்கிற ஆளு தெரியாது. அட்டை வேற கால்ல ஏறும். சின்னப் பிள்ளைகளக் கூட்டிட்டு வந்து என்ன செய்வீக?”

“அப்படியா! நல்லவேளை சொன்னீங்க. ஒரு நல்ல சீசனா பாத்து வரோம் சம்பந்தி.”

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் என் மனைவி கரண்டியோடு நிற்கிறாள்.

“என்னத்தச் சொன்னீக?”

“உள்ளதச் சொன்னேன்.”

“பொண்ணு பாக்க வர்றவுகள வராதீகன்னு சொன்ன அப்பன் இந்தத் தேனி ஜில்லாவுலயே நீங்க ஒரு ஆளுதான். அட்டையாம் அட்டை. நம்ம வீட்டுக்குள்ளயா அட்டை கெடக்கு?”

“அவுக மலையப் பத்திக் கேட்டாக.”

“மலையவா கட்டிக்கப் போறாக?”

உள் அறையில் மகள் சிரிக்கும் சத்தம் கேட்டது. அப்போது சிரிக்கும் நிலையில் இருந்தாள்.

ஆடியில் யாரும் பெண் பார்க்க வரமாட்டார்கள், விட்டுவிட்டோம். ஆவணியில் அவர் மறுபடி கூப்பிட்டார். என் மனைவி பக்கத்தில் நின்று என் தோளைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். “வாங்க சார், சாரல் கொறைஞ்சுருச்சு, இதுதான் நல்ல நேரம்” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். “நெட்ல இன்னும் மழை இருக்குன்னு காட்டுதே” என்றார். நெட்டில் பார்க்கத் தெரிந்தவன் என்னிடம் எதற்குக் கேட்க வேண்டும்? புரட்டாசியில் நல்ல காரியம் பேசமாட்டார்களாம். ஐப்பசியில் மலை ரோட்டில் மண் சரிந்ததை டிவியில் பார்த்தார்களாம். கார்த்திகையில் மழை முழுசாக விடட்டும் என்றார்.

ஒவ்வொரு தடவையும் இந்த ஞாயிறு வருவார்கள், அடுத்த ஞாயிறு வருவார்கள் என்று என் மனைவி வீட்டைக் கழுவித் துடைத்தாள். திரைச்சீலையைத் துவைத்தாள். நான் சட்டையில் கிரீஸ் படாமல் கடையில் பாதி நாள் சும்மா நின்றேன். வேலை ஓடவில்லை. ஒரு நட்டைக் கழற்றி வைத்துவிட்டு எங்கே வைத்தேன் என்று தேடுவேன். போன் அடித்தால் போட்டது போட்டபடி ஓடுவேன். எடுத்தால், “அண்ணே, மேகமலை இப்ப போலாமா?” என்று எவனாவது கேட்பான். அவனிடம் எரிந்து விழுவேன்.

கார்த்திகை கடைசியில் கோயம்புத்தூர்க்காரர்கள் மகளைக் கூப்பிட்டு இன்னும் எத்தனை நாள் பொறுப்பது என்று கேட்டார்கள். அவள் கடைக்கே வந்துவிட்டாள்.

“அப்பா, அவுக வருவாகளா மாட்டாகளா? ஒரு வார்த்த கேட்டுச் சொல்லுங்க. நான் அங்கன பதில் சொல்லணும்.”

“தையில வந்துருவாகம்மா.”

“தையில வருவாகன்னு அவுக சொன்னாகளா, நீங்க சொல்றீகளா?”

நான்தான் சொன்னேன். அவளுக்கும் தெரியும். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பிறகு மார்கழி வந்தது. மலையைப் பார்க்க வருஷத்திலேயே அதுதான் நல்ல மாதம். மழை கழுவிவிட்ட மலை. என் கடையில் இருந்து பார்த்தால் பாறை பாறையாக எண்ணலாம், மேலே ரோடு திரும்பும் இடத்தில் போகிற பஸ்ஸின் கண்ணாடி வெயிலில் மின்னுவது வரை தெரியும். ஆனால் மார்கழியில் எவனும் பெண் பார்க்க மாட்டான். மலைக்கு நல்ல மாதம் நமக்கு ஆகாத மாதம். ஊர்ப்பட்ட வண்டிகள் சிரித்துக்கொண்டு ஏறின, இறங்கின. எனக்கு அந்த மலையைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஸ்டூலைத் திருப்பிப் போட்டு மலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன்.

தை பிறந்தது. ஒரு வழியும் பிறக்கவில்லை. பொங்கல் முடிந்த வாரம் நானே போன் போட்டேன். அவர் என்னை சம்பந்தி என்று கூப்பிடவில்லை. சார் என்றார்.

“இனிமே மாசியில காட்டுத் தீ பயத்துல மூடிடுவாங்களாமே சார்? நான் படிச்சதுல ஜூன்தான் பெஸ்ட்னு போட்டிருக்கான். அருவி எல்லாம் அப்பதான் நல்லா இருக்குமாம். அப்ப வெச்சுக்கலாமா?”

ஜூன் என்றால் ஆனி. வராதீர்கள் என்று நான் சொன்ன அதே ஆனி. ஒரு வருஷத்தைச் சுற்றிக்கொண்டு வந்து என் கையிலேயே கொடுத்தார். மச்சானைக் கூப்பிட்டுக் கத்தினேன்.

“பொறு மாப்ள, பெரிய எடம்” என்றார்.

“பெரிய எடம்னா அங்கனயே இருந்துக்கச் சொல்லுங்க மச்சான். என் பிள்ளைய எதுக்கு இங்கன கட்டிப் போடுறீக?”

வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றேன். என் மனைவி அழுதாள். பங்குனி வரைக்கும் பார்ப்போம் என்றாள். மகள் சாப்பாட்டுத் தட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வண்டி கண்ணுக்குத் தெரியும் முன்னாலேயே கருகிய வாடை வந்தது. பின்னால் ஒரு வேன் ஊர்ந்து வந்து கடை வாசலில் நின்றது. சக்கரத்தில் புகை. மலையிலிருந்து சின்ன கியரில் இறங்க வேண்டும். இந்த டிரைவர் பெரிய கியரில் போட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கியிருக்கிறான். “மிதிச்சா உள்ள போயிட்டே இருக்குண்ணே” என்றான். முகத்தில் ரத்தமே இல்லை.

ஒரு பெரியவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டு சக்கரத்தின் பக்கம் குனிந்தார்.

“ஊத்தாதீக! சூட்டுல தண்ணி பட்டா பிரேக் டிரம் விரிசல் விட்டுரும். தானா ஆறணும்.”

“எவ்ளோ நேரம் ஆகும்? நாங்க ராகுகாலத்துக்கு முன்னாடி கம்பத்துல இருக்கணும். பொண்ணு பாக்கப் போறோம்.”

அந்தக் குரல். எட்டு மாதமாக என் காதுக்குள் சீசன் கேட்ட குரல். நான் வேனுக்குள் பார்த்தேன். பழத்தட்டு, ஒரு பந்து மல்லிகைப் பூ, நான்கு பெண்கள், மடியில் தூங்கும் இரண்டு சின்னப் பிள்ளைகள். எதிரே பாலச் சுவரில் ஒருவன் ஈரக் கைக்குட்டையை நெற்றியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வளைவுகளில் வாந்தி எடுத்திருப்பான் போல. போட்டோவில் பார்த்த அதே மூஞ்சி.

கையில் ஸ்பானர் இருந்தது. அதைக் கீழே வைத்தேன்.

“மலை எப்படி சார் இருந்துச்சு?”

“சூப்பரா இருந்துச்சு! இன்னும் மூடல, அவ்ளோ க்ளியர். இந்த ஊர்க்காரர் ஒருத்தர் இப்ப வராதீங்க, அப்ப வராதீங்கன்னு சொல்லிக் குழப்பிட்டார். வந்து பாத்தா இதான் நல்ல சீசன்.”

“அந்த ஒருத்தன் நான்தான்.”

அவர் என்னைப் பார்த்தார். கடை போர்டைப் பார்த்தார். வேனுக்குள் இருந்த அம்மாள் பழத்தட்டின் மேல் முந்தானையை இழுத்து மூடினார்.

“அது வந்து... சம்பந்தி...”

“அந்த வார்த்தையச் சொல்லாதீக.”

“இல்ல, நாளைக்கு உங்க வீட்டுக்கும் வரதாத்தான் இருந்தோம்.”

“நாளைக்குத் திங்கக்கெழம. உங்க மகனுக்கு லீவு இருக்கா?”

“இல்லையே” என்றான் பாலச் சுவரில் இருந்தவன். “நைட்டே கிளம்பறோம்.” அப்புறம்தான் அவனுக்கு விஷயம் புரிந்தது. அப்பாவிடம், “பொண்ணு வீட்ல வராதீங்கன்னு சொல்லிட்டாங்கன்னுதானே சொன்னீங்க?” என்றான்.

“ஆமாண்டா. சொன்னாருல்ல? கேளு, இவரையே கேளு.”

சொன்னேன்தான். மலைக்குச் சொன்ன வார்த்தையை எடுத்து என் மகளுக்கு மாட்டிவிட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு ஏன் பிடிக்கவில்லை என்று எனக்குத் தெரியாது. மெக்கானிக் வீட்டுப் பெண் என்றா, வேலைக்குப் போகிறவள் என்றா, கம்பத்தில் வேறு ஏதாவது கூடுதலாகக் கிடைத்ததா, தெரியாது. பிடிக்கவில்லை என்று ஆனியிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் பிள்ளை கோயம்புத்தூரில் இருந்திருப்பாள். இதைத்தான் நான் கத்தினேன். இன்னும் என்னென்னவோ கத்தினேன், இங்கே எழுத முடியாது. டீக்கடைக்காரர் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பையன் தலை குனிந்துகொண்டு இருந்தான். எழுந்து ஒரு வார்த்தை பேசுவான் என்று பார்த்தேன். பேசவில்லை.

இறங்கி நடந்து போங்கடா என்று வாய் வரை வந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு பிள்ளை முழித்து அழுதது. நான் ஜாக்கியை எடுத்தேன்.

டிரம் ஆறும் வரை தொட முடியாது. பெரியவர் வாட்ச்சைப் பார்ப்பதும் நடப்பதுமாக இருந்தார்.

“வேணும்னே லேட் பண்றீங்க.”

“சந்தேகமா இருந்தா கை வச்சுப் பாருங்க.”

அவர் வைக்கவில்லை. பிரேக் லைனிங் மாற்றி, பிரேக் ஆயிலை இறக்கிப் புதிதாக ஊற்றி, நானே கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்துத்தான் சாவியைக் கொடுத்தேன். ராகுகாலம் தொடங்கிவிட்டது. பூ வாடியிருந்தது. கம்பம் போனார்களா, திரும்பிப் போனார்களா, நான் விசாரிக்கவில்லை.

வீட்டில் சொன்னபோது என் மனைவி அண்ணனுக்குப் போன் போட்டு, அவர் எடுத்ததும் பேச முடியாமல் போனைக் கட்டிலில் எறிந்தாள். மகள் வெள்ளைக் கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஸ்விட்சை அணைத்தாள்.

“அவர் என்ன சொன்னார்?”

பையனைத்தான் கேட்கிறாள் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

“எல்லாம் தெரிஞ்ச பெறகும் ஒண்ணும் சொல்லல.”

“ஒண்ணுமேவா?”

“ஒண்ணுமேதான்.”

மறுநாள் காலை கோயம்புத்தூருக்குப் பேசினாள். அந்த இடத்துக்கு ஆள் போட்டுவிட்டார்கள். பொள்ளாச்சியில் அவர்களுடைய சின்ன ஆஸ்பத்திரி ஒன்று இருக்கிறது, சம்பளம் குறைவு, புதன்கிழமை சேர முடியுமா என்றார்கள். எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சேருகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

“செவ்வாக்கெழம யாரும் பொறப்படுவாகளாடி? ஒரு நல்ல நாளாப் பாத்து...” என்று என் மனைவி ஆரம்பித்தாள்.

“ஆத்தா, இம்புட்டு நாளும் பாத்தது காணாதா ஒனக்கு?”

செவ்வாய்க்கிழமை விடிகாலையில் தேனி பஸ் ஸ்டாண்டுக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். பஸ்ஸில் ஏறிப் பெட்டியைச் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு நான் நிமிர்ந்தபோது சொன்னாள்.

“அந்த வேன் பிரேக்க நீங்க சரி பண்ணிக் குடுத்திருக்கக் கூடாதுப்பா.”

“ரெண்டு பிள்ளைக இருந்துச்சும்மா வண்டியில.”

“தெரியும். நீங்க பண்ணாம விட மாட்டீகன்னும் தெரியும். ஆனாலும் பண்ணியிருக்கக் கூடாது.”

ஸ்பானரைக் கீழே வைத்த நிமிஷத்தில் இருந்து எனக்கும் அப்படித்தான் இருந்தது, பண்ணிக்கொண்டிருந்த நேரமெல்லாம் அப்படித்தான் இருந்தது. கண்டக்டர் விசில் அடித்தார்.

“எறங்குங்கப்பா, எடுக்கப் போறாக” என்றாள்.

இறங்கினேன்.