என்ற கைக்குத் தக்கன

என் கணவர் சேலத்தில் ஒரு ஜவுளிக்கடையின் சரக்கு அறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தீபாவளி நெருக்கத்தில் ஆள் போதாமல் நானும் போய்ச் சேலைக் கட்டுகளை அடுக்கிக் கொடுப்பேன். எழுபதுகளின் கடைசியில் நாங்கள் புதுச்சத்திரத்துக்குக் குடிவந்தபோது, பக்கத்து வீட்டுக்காரர்கள் கல்யாணத்துக்காகச் சாமான் அறையைக் காலி செய்ய முடியாமல் திணறிக்கொண்டிருந்தார்கள். கூட இருந்து சரிசெய்து கொடுத்தேன். அதிலிருந்து ஒருவர் சொல்லி ஒருவர் கூப்பிட ஆரம்பித்தார்கள். கூலியும் கொடுத்தார்கள். அந்த வேலைக்கு எங்கள் பக்கம் பெயர் கிடையாது. 'சாமான் அடுக்கற அக்கா' என்றால் நான்தான்.

வேலைக்கு வைக்கும் முன் ஒவ்வொரு வீட்டிலும் ஏதாவது விசாரிப்பார்கள். பெரும்பாலும், கை சுத்தமான ஆளா என்பதுதான். ஆத்தூரில் ஓர் அரிசி மில்காரர் வீட்டில், கேட்காமல் எதையும் தூக்கிப்போடமாட்டேன் என்று சாமி படத்துக்கு முன்னால் சொல்லச் சொன்னார்கள். வாழப்பாடியில் ஒரு வாத்தியாரும் அவர் மனைவியும் அதற்கு நேர்மாறு. "நாங்க சினிமாவுக்குப் போயிட்டு வர்றோம். அதுக்குள்ள வேண்டாததை எல்லாம் பழைய சாமான்காரன்கிட்டப் போட்டுடுங்க. கண்ணால பார்த்தா விட மனசு வராது" என்றார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நாமக்கல் பக்கம் ஒரு லாரி உரிமையாளர் வீட்டுக்குப் போனேன். கூப்பிட்டவர் அவருடைய அம்மா. மகன் லாரி வேலையாக வெளியூரில் இருந்தார். மருமகள் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். அந்த நேரம் பார்த்துத்தான் என்னை வரச்சொன்னார் என்பது பிறகுதான் புரிந்தது.

"முன்னால ஒருத்தி வந்தா அம்மிணி. சமையக்கட்டுச் சாமானை எல்லாம் ஒரே மாதிரி டப்பாவுல போட்டு வரிசையா அடுக்கி வெச்சா. பார்த்தவங்க நல்லா இருக்குதுன்னாங்க. எனக்கு உப்பு எது, சர்க்கரை எதுன்னு தெரியாமப் போச்சு."

"பேர் எழுதி ஒட்டிரலாங்களே" என்றேன்.

அவர் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எனக்குப் பார்வை மங்கிட்டே வருது சாமி. ஓரமெல்லாம் இருட்டிக்கிச்சு. ஊட்டுல யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா ஒரு மூலையில உக்காரச் சொல்லிப்போடுவாங்க. நீ யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது. அப்புறம், உன்ற இஷ்டத்துக்கு அடுக்கக் கூடாது. என்ற கைக்குத் தக்கன அடுக்கோணும். இது ரெண்டும் முடியும்னா இரு. இல்லீன்னா காப்பி குடிச்சுட்டுப் போ."

டாக்டரிடம் காட்டினீர்களா என்று கேட்டேன். காட்டினால் மகனுக்குத் தெரிந்துவிடும் என்றார். நான் இருந்தேன்.

முதலில் ஒரு சாமானையும் தொடவில்லை. அவரைச் சமைக்கச் சொல்லிவிட்டு ஓர் ஓரமாக உட்கார்ந்து, கை எதற்கு எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். உப்புக்கு எப்போதும் இடது பக்கம் தாழ்வாகப் போனது. புளிக்கு ஜன்னல் பக்கம். அடுத்த நாள் அதன்படி வைத்தேன். உப்பைப் பீங்கான் ஜாடியில் போட்டேன், சர்க்கரையைத் தகர டின்னில், மிளகாய்ப்பொடியைப் பித்தளைத் தூக்கில். கடலெண்ணெய் பாட்டிலை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து, சீமெண்ணெயைப் பின்வாசலுக்கு வெளியே கொண்டுபோனேன். பார்க்க அலங்கோலமாகத்தான் இருந்தது. அந்த அம்மா ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, "இப்பத்தான் இது என்ற ஊடு" என்றார்.

மருமகள் திரும்பி வந்த அன்று பாக்கி வேலைக்காக நான் அங்கேதான் இருந்தேன். சமையலறையை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்கக்கா, அடுக்கச் சொன்னா கலைச்சு வெச்சிருக்கீங்க" என்றாள். நான் அந்த அம்மாவைப் பார்த்தேன். அவர் வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை.

நான் ஊர் வந்து சேர்ந்த பிறகு அவள் எல்லாவற்றையும் பழையபடி மாற்றியிருக்கிறாள். எண்ணெய் பாட்டிலும் சீமெண்ணெய் பாட்டிலும் அலமாரியில் பக்கம் பக்கமாக வந்துவிட்டன. மறுநாள் காலையில் அந்த அம்மா தோசைக்கல்லை அடுப்பில் வைத்துவிட்டுப் பாட்டிலைச் சாய்த்திருக்கிறார். வாடை வந்ததும் கையை இழுத்துக்கொண்டார். கல்லில் விழுந்த கொஞ்சம் குப்பென்று பற்றி, அவருடைய சேலைத் தலைப்பு கருகியது. மருமகள் ஓடிவந்து சாக்கைப் போட்டு அணைத்தாள். அதற்கு மேல் மறைக்க முடியாமல் அவர் உண்மையைச் சொன்னார்.

இதை எனக்குச் சொன்னது மருமகள்தான். பஸ் பிடித்துப் புதுச்சத்திரத்துக்கே வந்துவிட்டாள். உட்காரக்கூட இல்லை.

"உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியுங்க."

"ஏன் சொல்லலீங்க?"

"சொல்லக் கூடாதுன்னாங்க. அந்த நம்பிக்கையிலதான் உள்ள உட்டாங்க."

"அத்தை வெந்து போயிருந்தா அந்த நம்பிக்கையை வெச்சு என்ன பண்றதுங்க?"

அவள் அழுதாள். தண்ணீர் கொடுத்தேன், குடித்தாள். கொஞ்சம் ஆறியதும், "நீங்க வெச்ச மாதிரியே மறுபடி வெக்கோணும். வாங்க, நானும் கூட இருந்து பார்த்துக்கறேன்" என்றாள். அன்றே அவளோடு போனேன்.

மகன் அம்மாவைச் சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். ஒரு கண்ணைக் காப்பாற்ற முடியாது என்றார்கள். மற்றதில் சொட்டு மருந்து போட்டுப் பல வருஷம் ஓட்டினார்கள். அவரை யாரும் மூலையில் உட்காரச் சொல்லவில்லை. காலைச் சமையல் அவருடையது, மாலை மருமகளுடையது. கரண்டியை எடுத்த இடத்தில் வைக்காவிட்டால் மகனுக்கும் திட்டு விழும்.

அதற்குப் பிறகு யார் கூப்பிட்டாலும் அவர்கள் விசாரித்து முடித்ததும் நான் ஒன்று சொல்லிவிடுவேன். வீட்டு விஷயம் வெளியே போகாது. ஆனால் ஆளுக்கு ஆபத்து என்று பட்டால் வீட்டுக்குள் யாரிடமாவது சொல்லிவிடுவேன், அது சம்மதமானால் வேலைக்கு வருகிறேன் என்று. சில பேர் முகம் சுளித்து வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். அந்த மருமகள் மட்டும் தன் சொந்தக்காரர்கள் வீட்டுக்கெல்லாம் என்னைச் சொல்லி அனுப்பினாள்.