இடது கை அக்காவுடையது

எனக்குக் கோபம் வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் போகும் காலைக் கமூட்டர் ரயிலில், கைப்பேசியை முறைத்துக்கொண்டே, "போடா லூசு!" என்று வாய்விட்டுக் கத்திய நாற்பதை நெருங்கும் ஒரு பெண்ணை நீங்கள் பார்த்திருந்தால், அது நான்தான். எதிரே உட்கார்ந்திருந்த மலாய் ஆன்டி பயந்துபோய் அடுத்த பெட்டிக்கே போய்விட்டார். நான் திட்டியது அவரை அல்ல. விளையாட்டில் என் அணியில் இருந்த, முகம் தெரியாத ஒருவனை.

ஐந்து பேர் ஓர் அணி, எதிரே ஐந்து பேர். எந்த அணி மற்றதன் கோட்டையை முதலில் உடைக்கிறதோ, அதற்கு வெற்றி. இடது கட்டைவிரலால் நடக்க வேண்டும், வலது கட்டைவிரலால் அடிக்க வேண்டும். ஜெயித்தால் ஒரு நட்சத்திரம் ஏறும், தோற்றால் ஒன்று இறங்கும். நட்சத்திரங்கள் சேரச் சேர வெண்கலம், வெள்ளி, தங்கம், வைரம், கிரீடம் என்று படி உயரும். கேட்பதற்குக் குழந்தை விளையாட்டாகத்தான் இருக்கிறது. ஆடிப் பாருங்கள், நெஞ்சு எப்படிப் படபடக்கிறது என்று தெரியும்.

நான் வேலை செய்வது பிரிக்பீல்ட்ஸில் ஒரு பல் கிளினிக்கின் முன்மேசையில். பல் பிடுங்க வருபவர்கள்கூட என்னைவிட நிதானமாக உட்கார்ந்திருப்பார்கள். சாப்பாட்டு நேரத்தில் நான் விளையாடுவதைப் பார்த்து, கூட வேலை செய்யும் பெண் ஒருநாள் கேட்டாள்.

"இவ்ளோ டென்ஷனாகி எதுக்குக்கா வெளையாடுறீங்க? இதுல என்ன ஜாலி இருக்கு?"

"உனக்குப் புரியாது லா," என்று எரிந்து விழுந்தேன். எனக்கே புரிந்திருந்தால்தானே அவளுக்குச் சொல்ல! ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஜாலியாக விளையாடிய காலம் எது என்று யோசித்தால், ஒரே ஒரு இடம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

கிள்ளானில், துணிக்கடைகளும் பூக்கடைகளும் நிறைந்த தெருவுக்குப் பின்னால், ஒரு கடைவீட்டின் மாடியில் கணினி மையம் ஒன்று இருந்தது. எல்லாரும் 'சீசீ' என்றுதான் சொல்வோம். எங்கள் வீடு பண்டமாரானில். சனிக்கிழமை மதியம் டியூஷனுக்காக அக்காவும் நானும் பஸ் ஏறிக் கிள்ளானுக்கு வருவோம். அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள். டியூஷன் தொடங்க ஒரு மணி நேரம் இருக்கும்போதே வந்துவிடுவோம். எதற்கு என்று அம்மாவுக்குக் கடைசிவரை தெரியாது.

மாடிக்குப் போனால் எல்லா இடத்திலும் பையன்கள். எப்போதும் ஒரே ஒரு கணினிதான் காலியாக இருக்கும், மூலையில், விசிறிக் காற்று எட்டாத இடத்தில். கடைக்காரச் சீன அங்கிள் எங்களைப் பார்த்ததும், 'மோய்', அதாவது பொண்ணு, என்று கூப்பிட்டு, "ஒரு நாற்காலிதான் மோய், ஓகேயா?" என்பார். ஓகேதான். பாதி நாற்காலியில் அவள், பாதியில் நான். இடது பக்கம் உட்கார்ந்து அக்கா விசைப்பலகையில் நடப்பாள், வலது பக்கம் உட்கார்ந்து நான் மவுஸைப் பிடித்துச் சுடுவேன். திரையில் இருக்கும் அந்த ஒரு சிப்பாய்க்கு எங்கள் இரண்டு பேர் மூளையும்.

ஐயோ, அந்தச் சிப்பாய் பட்ட பாடு! நான் "பின்னாடி போக்கா, பின்னாடி!" என்று கத்துவேன். அவள் முன்னால் ஓடுவாள். நான் எதிரியைக் குறி வைப்பேன், அவள் சுவரில் போய் முட்டிக்கொண்டு நிற்பாள். "எங்கடி போகச் சொல்ற, ஒழுங்கா சொல்லு," என்று அவள் கேட்டு முடிப்பதற்குள் செத்திருப்போம். ஒரு ஆட்டம்கூட ஜெயித்ததில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், ஒன்றுகூட இல்லை. அக்காவுக்குச் சிரிப்பு வந்தால் சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும். அவள் குலுங்கினால் பாதி நாற்காலியில் தொற்றிக்கொண்டிருக்கும் நான் கீழே விழுவேன். அங்கிள் எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார். சிரித்துச் சிரித்து வயிறு வலிக்க, டியூஷனில் போய்க் கணக்குப் பாடத்துக்கு உட்காருவோம்.

பிறகு அவள் கல்யாணமாகி டெங்கில் என்ற ஊருக்குப் போனாள். மாமாவுக்கு விமான நிலையத்தில் வேலை. அவள் வீட்டுக்கு அருகிலேயே ஒரு பாலர் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்தாள். கிள்ளானுக்கும் டெங்கிலுக்கும் காரில் போனால் ஒரு மணி நேரம்தான். ஆனாலும் தீபாவளிக்கு ஒரு தரம், யார் வீட்டுக் கல்யாணத்திலாவது ஒரு தரம் என்று எங்கள் சந்திப்பு சுருங்கிப்போனது.

கொரோனாவால் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து எல்லாரும் வீட்டுக்குள் முடங்கிய நாட்களில்தான் இந்தக் கைப்பேசி விளையாட்டை நாங்கள் இருவரும் இறக்கினோம். தினமும் மாலை அவள் டெங்கிலில், நான் கிள்ளானில், ஒரே அணியில். மைக்கில் அவள் வீட்டுக் குக்கர் விசில் கேட்கும். "இருடி, பருப்பை எறக்கி வச்சிட்டு வரேன்," என்று பாதி ஆட்டத்தில் போய்விடுவாள். அதற்குள் எங்கள் கோட்டை பாதி இடிந்திருக்கும். அப்போதும் சிரிப்புதான். வருடக்கணக்கில் பேசாத பேச்சையெல்லாம் அந்த ஆட்டங்களுக்கு நடுவில் பேசித் தீர்த்தோம்.

கெட்டது எப்போது என்றால், நான் ஜெயிக்கக் கற்றுக்கொண்டபோது. வெள்ளி வந்ததும் தங்கம் வேண்டும் என்று இருந்தது. அக்காவோடு சேர்ந்தால் ஏறிய நட்சத்திரமெல்லாம் இறங்கியது. வீட்டை விட்டு வெளியே போகலாம் என்று ஆன பிறகும் எனக்கு அந்த வெறி அடங்கவில்லை. ஒரு மாலை, கைக்கெட்டிய வெற்றி அவளால் போனது. கோபத்தில் எனக்குக் கண்மண் தெரியவில்லை.

"இது உனக்கு வராதுக்கா. நீ போய் சமையலைப் பாரு!"

மைக்கில் அவள் வீட்டுக் குக்கர் விசில் அடித்தது.

"நீ மேல ஏறிட்ட, நான் கீழயே கெடக்குறேன். என்ன செய்ய?" என்றாள்.

"அப்ப ஏறி வா. வந்தப்பறம் சேர்ந்து வெளையாடலாம்."

"சரி லா," என்றாள். அவ்வளவுதான்.

அடுத்த சில மாதங்களில் நான் வைரத்துக்குப் போனேன். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு படிக்கு மேல் இடைவெளி இருந்தால், சேர்ந்து ஆட அந்த விளையாட்டே அனுமதிக்காது. அக்கா வெண்கலத்தில் இருந்தாள். எனக்கு அது வசதியாகவும் போயிற்று, முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லும் வேலை மிச்சம். முன்பின் தெரியாத நாலு பேரோடு சேர்ந்துகொண்டேன். அவர்களோடு சிரித்ததாக ஞாபகம் இல்லை. தோற்ற நாளில் சாப்பாடு இறங்காது. ஒருநாள் காலை ஆட்டத்தில் மூழ்கி, இறங்க வேண்டிய நிலையத்தை விட்டுவிட்டுத் தலை நிமிர்ந்தால், கோலாலம்பூரையும் தாண்டிச் சுங்கை பூலோ! இத்தனை கூத்துக்கும் பிறகு கிரீடம் வந்தது. இரண்டே இரண்டு நட்சத்திரத்தோடு, விளிம்பில் நின்றுகொண்டிருந்தேன்.

அக்காவோடு பேச்சு குறைந்திருந்தது. கூப்பிட்டால், "வெளையாடுறியாக்கா?" என்பேன். "எப்பவாச்சும்," என்பாள். அதற்கு மேல் நான் கேட்டதில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "கோழிப் பெரட்டல் செய்றேன், வா," என்று கூப்பிட்டாள். அன்றுதான் விளையாட்டில் 'சீசன்' என்று சொல்லும் அந்தப் பருவத்தின் கடைசி நாள். மூன்று மணிக்கு என் நாலு பேரோடு ஆட்டம். அந்த நாள் முடியும்வரை கிரீடம் தலையில் இருந்தால், அது என் பெயருக்குப் பக்கத்தில் நிரந்தரமாக நிற்கும். சாப்பிட்டுவிட்டு அங்கேயே ஒரு அறையில் உட்கார்ந்து ஆடிவிடலாம் என்று போனேன். அக்காவைப் பார்க்கப் போகிறவள் கணக்குப் போட்டதைப் பாருங்கள்.

சாப்பிட்டு முடித்ததும் மணி இரண்டே முக்கால். என் கைப்பேசியில் இணையம் இழுத்துக்கொண்டு நின்றது. எனக்குக் கை பரபரத்தது.

"அக்கா, ஒன் போன்ல லைன் தெறந்து எனக்கு நெட் எடுத்துக்கவா?"

"எடுத்துக்கோடி, அந்த மேச மேல இருக்கு," என்றாள், அடுப்படியிலிருந்து.

எடுத்தேன். அந்த விளையாட்டு திறந்தே இருந்தது. அக்கா தங்கத்தில் இருந்தாள்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆடிய ஆட்டங்களின் பட்டியலைத் தள்ளினேன். தள்ளத் தள்ளப் போய்க்கொண்டே இருந்தது. எல்லாம் முகம் தெரியாதவர்களோடு தனியாக ஆடியவை. நேரத்தைப் பார்த்தால், பாலர் பள்ளியின் இடைவேளையில் ஒன்று, பிள்ளைகளை அனுப்பிவிட்ட பிறகு ஒன்று, மாலையில் இரண்டு. பத்து வெற்றிக்கு ஒன்பது தோல்வி இருந்தது. கீழே அந்நியர்கள் எழுதிய வசவுகள். குருடி, முட்டாள் என்று. அவற்றுக்கு நடுவில் ஒருவன் மலாயில் எழுதியிருந்தான்: 'காக், பெர்கி மாசாக் லா.' அக்கா, போய்ச் சமை.

அந்த வார்த்தையைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. அவன் யாரோ. அவனுக்கு முன்னாலேயே அதை அவளிடம் சொன்னவள் நான்.

கையைத் துடைத்துக்கொண்டே அக்கா வந்தாள். என் கையில் இருந்ததைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது, திருட்டுத்தனம் பிடிபட்டதுபோல.

"என்னக்கா இது? எப்பவாச்சும்னு சொன்ன?"

"நீதானடி ஏறி வரச் சொன்ன," என்றாள். "இன்னும் மூணு ஸ்டார் எடுத்தா வைரம். அப்பறம் ஒன்கூட வெளையாட விடும்ல? திடீர்னு வந்து நிக்கலாம்னு பாத்தேன்."

"இத்தன திட்டு வாங்கிக்கிட்டா? ஜாலியாவா இருந்துச்சு?"

"என்னத்த ஜாலி! ஒவ்வொரு ஆட்டமும் எப்ப முடியும்னு இருக்கும். மாமாகூட தூக்கிப் போடுன்னு சொல்லிட்டாரு." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "வேற எப்படிடி ஒன்கூட பேசுறது? போன் பண்ணா ரெண்டு நிமிஷத்துல வச்சிடுற."

எனக்கு அழுகை வந்தது. அழுதேன். "ஏய் லூசு," என்று தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். மணி மூன்று. என் கைப்பேசி கிணுகிணுத்தது, நாலு பேரும் காத்திருந்தார்கள். இன்றைக்கு வரவில்லை என்று எழுதினேன். கடைசி நாளில் காலை வாரிவிட்டால் சும்மா விடுவார்களா? நன்றாகத் திட்டிவிட்டு என்னைக் குழுவிலிருந்து தூக்கினார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது.

"கொஞ்சம் தள்ளி ஒக்காருக்கா," என்றேன்.

"எதுக்குடி?"

"தள்ளு லா."

இரண்டு பேருக்கும் இப்போது உடம்பு போட்டிருந்தது. பாதி நாற்காலி பாதியாக இல்லை. எப்படியோ ஒண்டிக்கொண்டு, அவள் போனில் லைனைத் திறந்துவிட்டு, என் கைப்பேசியை நடுவில் பிடித்து, யார் யாரோடோ ஓர் ஆட்டத்தைத் தொடங்கினேன். "நீ நட. நான் அடிக்கிறேன்."

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. இடது கட்டைவிரலை வைத்தாள். மஞ்சள் கறை இன்னும் நகத்தில் இருந்தது.

"பின்னாடி போக்கா, பின்னாடி!"

முன்னால் ஓடினாள்.

அன்று எங்கள் அணியில் மாட்டிக்கொண்டவர்களிடம் இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்தடுத்து இரண்டு ஆட்டம் தோற்றோம். மாமா எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு போனார். அக்காவின் தோள் குலுங்கியது, நான் நாற்காலியிலிருந்து நழுவினேன். கிரீடத்தில் நட்சத்திரமே மிச்சமில்லை.

அக்கா சட்டென்று விரலை எடுத்தாள்.

"அடியே, இன்னும் ஒண்ணு தோத்தா கிரீடம் போயிருமே! வேணாம்டி, எவ்ளோ கஷ்டப்பட்டு எடுத்த."

"போனா எங்க எறங்குவேன்?"

"வைரத்துக்கு."

"நீ எங்க இருக்க?"

"தங்கத்துல," என்றவள், ஒரு படிதான் என்று விரலை மடக்கி எண்ணிப் பார்த்துவிட்டு, என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு இடது கட்டைவிரலைத் திரும்பவும் திரையில் வைத்தாள்.