ஓட்டைச் சிரட்டையும் ஓடாத நாடாவும்

பிள்ளை பார்ப்பதில் மருதமுனையில் என்னை மிஞ்ச ஆளில்லை. என் கைக்கு வந்த எந்தப் பிள்ளையும் அழுததே இல்லை.

முதல் இரண்டு வசனமும் பொய். நான் தூக்கினால் பிள்ளை அழும். அதைப் பார்த்து நானும் அழுவேன். பள்ளிக்கூடம் போகாதவன், அதனால் நான் சொல்லச் சொல்ல மூத்த மகள் எழுதுகிறாள். இந்தக் கதையில் வரும் இரண்டு வயதுக்காரியும் அவள்தான். அவளுக்கு ஒன்றும் ஞாபகமில்லை. ஆகவே நான் சொல்வதுதான் வரலாறு.

ஐம்பத்தைந்தாம் வருஷமோ ஐம்பத்தாறோ. மனைவிக்கு இரண்டாவது பிள்ளை பிறந்து பத்து நாள். நாற்பது நாள் முடியும்வரை அவள் அறையை விட்டு வரக்கூடாது. மூத்தவளை நான்தான் பார்க்க வேண்டும், தறியில் இடுப்புக்குக் கட்டும் சாரமும் நெய்ய வேண்டும். சாய்ந்தமருதிலிருந்து மனைவியின் அக்கா, அவளுக்கு ராத்தா, எனக்கு மதினி, உடுப்புப் பையோடு வந்து தீர்ப்புச் சொன்னார்.

"மச்சான், ஒங்களால ஏலா. புள்ளய நான் கொண்டு போறன். நாப்பது முடியக் கொண்டாந்து தாறன்."

அறைக்குள் மனைவி விசும்புவது கேட்டது. உம்மாவின் குரல் கேட்காமல் மகள் ஒருநாளும் உறங்கியதில்லை.

"இண்டைக்கு மட்டும் பாருங்க மதினி. மத்தியான லுஹர் பாங்கு வரைக்கும் தறியும் நிக்காது, புள்ளயும் அழாது" என்று சொல்லிவிட்டேன். என் வாய் எப்போதும் என்னைக் கேட்டு நடப்பதில்லை.

"பாப்பம்" என்று மதினி அறைக்குள் போய்த் தங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

முந்தைய நாளே நான் ஒரு வண்டி செய்து வைத்திருந்தேன். நூல் சுற்றும் கட்டைகள்தான் சில்லு. அரை நாள் வேலை. மகள் அதன் கயிற்றைச் சப்பிப் பார்த்துவிட்டு, வண்டியைத் தள்ளி வைத்தாள். தறிக்குப் பக்கத்தில் தண்ணீர்ச் சட்டி இருந்தது. அதற்குள் ஒரு தேங்காய்ச் சிரட்டை கிடந்தது. நான் செய்யாத சாமான் என்பதால் அது அவளுக்குப் பிடித்துவிட்டது.

அந்தச் சிரட்டையில் கண் திறந்திருந்தது. அள்ளுவாள், தண்ணீர் போய்விடும். உள்ளே பார்த்தாள். கவிழ்த்துப் பார்த்தாள். நான்தான் குடித்தேன் என்பதுபோல என்னைப் பார்த்தாள். பத்தாம் முறையோ என்னவோ, அவள் விரல் தற்செயலாக அந்தக் கண்ணில் பட்டது. தண்ணீர் நின்றது. விரலை எடுத்தாள், ஓடியது. வைத்தாள், நின்றது. சிரிக்கவில்லை. வலையில் என்ன கிடக்கிறதென்று பார்க்கிறவனின் முகம்.

எனக்குப் பொறுக்கவில்லை. கையிலிருந்த நாடாவோடு இறங்கிப் போய்க் குந்தினேன். நாடா என்றால் தறிக்குள் நூல் கொண்டோடும் மரத்துண்டு, பார்க்கத் தோணி மாதிரி இருக்கும். அதைச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நானும் ஒரு விரலை நீட்டினேன். கையில் ஓர் அடி விழுந்தது.

"தறி ஏன் நிண்டிட்டு?" அறைக்குள்ளிருந்து மனைவி.

ஓடிப்போய் ஏறினேன். நாடா அங்கேயே கிடந்தது. இல்லை, அதற்குள் அது சட்டிக்குள் மிதந்தது. பிடுங்கினால் அழுவாள். அழுதால் மதினி கொண்டுபோவார். வேறு வழியில்லாமல் நாடா இல்லாமலே பலகையை அடித்தேன். டக், டக், டக்.

நெசவுக்காரன் பெண்சாதிக்குத் தெரியாதா? நாடா ஓடினால் 'சர்ர்' என்று ஒரு சத்தம் வர வேண்டும். தெரிந்துகொண்டே உள்ளேயிருந்து சத்தமாகச் சொன்னாள்:

"கேக்குதா ராத்தா? என்ன ஓட்டம் ஓடுது தறி!"

மதினியின் புருஷன் மீன்பிடிகாரர், தறிச் சத்தம் அவர் வீட்டில் இல்லை. "ஓம் ஓம்" என்றார் மதினி.

அதோடு நான் அடங்கியிருக்கலாம். உற்சாகத்தில் வீடு அதிர அடித்தேன்.

"இந்த ஓட்டத்தில எத்தின சாரம் நெஞ்சிரிக்கார் எண்டு பாப்பம்" என்று மதினி வெளியே வந்துவிட்டார். வந்தவர் அலறினார். "யா அல்லா, ரத்தம்!"

சட்டித் தண்ணீர் சிவப்பு. மகளின் கையும் சிவப்பு.

"ரத்தமில்ல மதினி, நாடாவில இருந்த நூல். நான் போட்ட சாயம்."

"ஒங்கட சாயமா? அப்ப கழரத்தானே செய்யும்."

மகளைத் தூக்கக் குனிந்தார். மகள் அழவில்லை. விரலால் கண்ணை அடைத்தபடி நிறைந்த சிரட்டையை மதினியிடம் நீட்டினாள். மதினி வாங்கியதும் விரலை எடுத்தாள். மடியெல்லாம் சிவப்பு. நான் தறிக்குள் ஒளிய இடம் தேடினேன்.

மதினி சிரட்டையின் உள்ளே பார்த்தார். கவிழ்த்துப் பார்த்தார். மகள் பெரியம்மாவின் விரலைப் பிடித்து அந்தக் கண்ணில் வைத்தாள். மதினி தரையில் உட்கார்ந்துவிட்டார்.

லுஹர் பாங்கு கேட்டது.

"ராத்தா, புள்ளயக் கொண்டு போறீங்களா?" மனைவி அறைக்குள்ளிருந்து கேட்டாள்.

"சும்மா இரிடி. இஞ்ச நாங்க வேலையா இரிக்கம்."

அன்று பின்னேரம் மதினி பையோடு தனியாகத்தான் திரும்பினார். பைக்குள் அந்தச் சிரட்டை. வீட்டில் அதை வைத்து அவர் புருஷனை என்ன செய்தார் என்றால்...

"இஞ்ச வாங்க! ஒங்கட பேத்தி ஒங்கட செருப்பக் கிணத்து வாளிக்குள்ள தோணி உடுறாள்!"

மனைவி கூப்பிடுகிறாள். ஒரு செருப்பா, இரண்டுமா? மிதக்கிறதா? மகள், பேனையைக் கொஞ்சம் வை, பார்த்துவிட்டு வருகிறேன்.