காலூன்றாமல் தூக்கிய கிரேன்

கிரேன் லாரிக்கு இருக்கும் நான்கு இரும்புக் கால்களை, மாடு அவிழ்த்த வண்டிக்குக் கொடுக்கிற முட்டுக்கட்டை என்றே நான் நம்பியிருந்தேன். சும்மா நிற்கும்போது தாங்குவதற்கு. வேலை நடக்கும்போது எதற்கு? தூத்துக்குடித் துறையில் நாற்பது பேரை மேய்த்த மேஸ்திரிக்கு இருந்த அறிவு இவ்வளவுதான்.

சண்டை முடிந்ததும் பட்டாளம் கழித்துவிட்ட லாரி அது. மேலே நீண்ட இரும்புக் கை, நுனியில் கப்பி, அதன் வழியே கம்பிக்கயிறும் கொக்கியும். என்ஜின் ஓடினால் உருளை சுற்றிக் கயிற்றை இழுக்கும். இருபது பேர் அரைநாள் மல்லுக்கட்டுகிற சுமை ஒரு பீடி நேரத்தில் மேலே வந்துவிடும். துறையில் நட்டுவைத்த கிரேன் மாதிரியில்லை. சுமை கிடக்கும் இடத்துக்குத் தானே போகும்.

அன்று கப்பலிலிருந்து தோணியில் வந்தது, உப்பளத்துக்கான பம்பு என்ஜின். தோணிக்குள் நின்று பெட்டிக்குக் கொக்கி மாட்டியவன் என் தங்கை புருஷன். மத்தியானக் காற்று கிளம்பினால் தோணி துள்ளும் என்று எனக்கு அவசரம்.

டிரைவர் காயல்பட்டினத்துக்காரர், பட்டாளத்தில் இதே வேலை பார்த்தவர்.

"அண்ணாச்சி, நாலு காலையும் விரிச்சு, அடியில கட்டை வச்சு, திருகி இறுக்கணும். கை வெளிய நீள நீள வண்டி சரியப் பாக்கும். டயரை நம்பித் தூக்கக் கூடாது."

"எவ்வளவு நேரமாவும்?"

"அரைமணி."

"அதுக்குள்ள காத்து வந்துரும்வே. மாடு அவுத்த வண்டியா இது, முட்டுக் குடுக்க? தூக்கும்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஏறினார். மேஸ்திரியை எதிர்த்தால் மறுநாள் வேலை இருக்காது.

பெட்டி ஆள் உயரம் எழும்பியது. அது ஆடாமலிருக்கத் தோணிக்குள் நின்று, அதில் கட்டிய கயிற்றைப் பிடித்திருந்த தங்கை புருஷன், "மச்சான், சாயுதே" என்றான். திரும்பிப் பார்த்தேன். கரைப் பக்கத்துச் சக்கரங்கள் தரையில் இல்லை.

எனக்கு வேட்டி நழுவியது, புத்தியும் கூடவே. காற்றில் தோணி சாய்ந்தால் எதிர்ப்பக்கம் பலகையில் ஆள் ஏறி உட்கார்ந்து நிமிர்த்துவோமே, அதுதான் ஞாபகம் வந்தது.

"ஏலே, எல்லாவனும் இந்தப் பக்கம் ஏறுங்கலே."

எட்டுப் பேர் தொற்றினார்கள். ஒன்பதாவதாக நான் மட்கார்டைக் கட்டிக்கொண்டு தொங்கினேன். மாதாவுக்கு மெழுகுவத்தி நேர்ந்தேன். நேரும்போதே அதன் நீளத்தைக் கூட்டிக்கொண்டே போனேன். சக்கரம் தரையைத் தொட்டது.

"பாத்தீராவே?" என்றேன் டிரைவரிடம்.

அவர் முகம் தோணிப் பக்கம் இருந்தது.

எங்கள் ஒன்பது பேரின் கனம் அந்த லாரிக்கு ஒரு பொருட்டே இல்லை. வண்டி கவிழாமலிருக்க அவர் கயிற்று உருளையின் பிரேக்கை விட்டுப் பெட்டியைத் தோணிக்குள்ளேயே இறக்கியிருந்தார். சக்கரம் இறங்கியது அதனால்தான். பெட்டியின் மூலை தங்கை புருஷனின் இடுப்பில் விழுந்தது. அதன்பிறகு அவன் நடக்கவில்லை.