வரிசையில் ஒருத்தி அதிகம்

கடல் கடந்து வந்த ஆண்டில் எனக்குப் பதினொரு வயது. இராயப்பேட்டையில், பொது முற்றத்தைச் சுற்றிப் பல குடித்தனங்கள் வாழ்ந்த வீடொன்றின் பின்கட்டு அறையில் அம்மாவும் சித்தப்பாவும் நானும் தங்கியிருந்தோம். காலையில் அவ்வீட்டுப் பிள்ளைகள் அனைவரும் பள்ளிக்குச் சென்றுவிடுவர். மாலை வரை முற்றத்தில் எஞ்சுபவள் நான் ஒருத்தியே. அவர்கள் சுண்ணக்கட்டியால் கீறிவிட்டுப் போன பாண்டிக் கட்டங்களில் இரு தரப்புக்கும் நானே ஆடி, இரு தரப்பிலும் தோற்றிருக்கிறேன்.

தெருமுனைப் பள்ளியில் என்னைச் சேர்க்கச் சித்தப்பா பன்முறை நடந்தார். முன்பு பயின்ற பள்ளியின் மாற்றுச் சான்றிதழைக் கொண்டுவருமாறு அங்கே மரியாதையுடன் கூறினர். எங்கள் ஊர்ப் பள்ளியிலோ அப்போது இராணுவம் குடியேறியிருந்தது. அவர்களிடம் சென்று சான்றிதழ் கேட்கும் அளவுக்குச் சித்தப்பா துணிந்தவரல்லர்.

அந்நாளில்தான் வீட்டுக்காரரின் மகள் ஒரு செய்தி கொண்டுவந்தாள். எங்கள் நாட்டில் போர் நிற்க வேண்டும், மூடிய பள்ளிகள் திறக்க வேண்டும் என்று கோரி, அவள் படித்த அதே தெருமுனைப் பள்ளியின் மாணவியர் கடற்கரைக்கு அமைதி ஊர்வலம் செல்லவிருந்தனர்.

"உங்க ஊருக்காகத்தான்டி நடக்கப் போறோம். நீயும் வா."

"எங்களுக்காகவெல்லோ நடக்கினம். ஊர்வலத்துக்குப் போட்டு வா பிள்ளை," என்று அம்மா என் தலையை இறுக்கிப் பின்னிவிட்டார்.

என் உள்ளத்தில் வேறொரு திட்டம் இருந்தது. பள்ளியிலிருந்து புறப்படும் வரிசை பள்ளிக்கே திரும்பும். அதில் ஒருத்தியாகக் கலந்துவிட்டால் நானும் வாசலுக்குள் போய்விடலாம். உள்ளே போய் அமர்ந்துவிட்ட பிள்ளையை யார் எழுப்பி அனுப்புவார்? இதை நான் அம்மாவிடமும் சொல்லவில்லை.

ஆறாம் வகுப்பின் கடைசியில் நின்றேன். நீலப் பாவாடைகளுக்கிடையே என் பச்சைச் சட்டை தனித்துத் தெரிந்தது. முன்னால் நின்றவள் திரும்பினாள்.

"இன்னாடி, கலர் டிரெஸ்ல வந்துகீற? பொறந்த நாளா?"

"ஓம்," என்று தலையாட்டினேன்.

"ஓமா? இன்னா, மந்திரம் சொல்றியா?" என்று சிரித்தவள், தன் கையிலிருந்த அட்டையை என்னிடம் நீட்டினாள். "சரி, இத்தப் புடி. கை வலிக்குது."

'பள்ளிகளைத் திறந்துவிடுங்கள்' என்று அதில் எழுதியிருந்தது. அதை நெஞ்சோடு பிடித்து நடந்தேன்.

மணலில் எங்களைக் கடல் நோக்கி நிறுத்தினர். ஆசிரியை முழங்க, நாங்கள் திருப்பி முழங்கினோம். அக்கரைக்குக் கேட்க வேண்டுமே என்று என் தொண்டை கட்டும்வரை கத்தினேன். பின்னர் பிஸ்கட் கொடுத்து, திரும்பும் முன் எண்ணினர்.

"ஒண்ணு அதிகமா வருதே! நீ யாரும்மா?"

"சிலோன் பொண்ணு டீச்சர். எங்க வீட்லதான் குடியிருக்கா," என்றாள் வீட்டுக்காரரின் மகள்.

ஆசிரியையின் கண்கள் கலங்கின. என்னை அணைத்துக்கொண்டு, "இவளுக்காகத்தான் நாம எல்லாரும் வந்திருக்கோம்," என்றார். அனைவரும் கைதட்டினர். கைதட்டல் ஓய்ந்ததும் அவர் என்னிடம் மெல்லக் கூறினார்: "வரிசைல வேணாம்மா, கணக்கு இடிக்கும். பின்னாலயே வந்து, அப்படியே வீட்டுக்குப் போயிடு."

பின்னாலேயே வந்தேன். வரிசை வாசலுக்குள் நுழைந்து முடிந்தது. காவலாளி என்னைப் பார்த்தார்.

"அட்டைய குட்த்துட்டுப் போ பாப்பா. இஸ்கூலுது அது."

கொடுத்தேன். அதை வாங்கிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, கதவைச் சாத்தினார்.

"என்ன பிள்ளை, நல்லா நடந்ததோ?" என்று கேட்ட அம்மாவிடம், எல்லோரும் எனக்குக் கைதட்டியதைப் பெருமையுடன் சொன்னேன். ஒரு குறை மட்டும் என்னை வாட்டியது. அன்று கடற்காற்று எங்கள் முகத்தில்தான் அடித்தது. அத்தனை பேர் முழங்கியும் குரல் அக்கரைக்குப் போயிராது என்று வெகுநாள் வருந்தினேன். அது போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய இடம் அக்கரை மட்டும் அன்று என்பது அவ்வயதில் எனக்குத் தோன்றவில்லை.