டிக்கெட் கேட்ட ஸல்ஹா

ஐன் கர்மா மலைப்பாதையில் எங்கள் பேருந்து வளையும்போதெல்லாம், பின்வாசலை ஒட்டிய நடத்துநர் இருக்கையிலிருந்து ஒரு குரல் வரும்: "கூடையப் புடிச்சுக்கோங்க, பிள்ளையப் புடிச்சுக்கோங்க, புருஷன் விழுந்தா விழட்டும்." ஸல்ஹா அக்காவின் குரல் அது. திருப்பங்களில் ஹாரன் அடிப்பதையே ஓட்டுநர் லஸாத் விட்டுவிட்டார். எதிரே வருகிறவனுக்கு இந்தச் சத்தமே போதும் என்பார்.

நான் ஐன் கர்மாக்காரன். எங்கள் வீட்டில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள். அதற்கு முன்னால் பள்ளிக்காலம் முழுக்க நான் மிதித்த வாசல் இந்தப் பேருந்தின் பின்வாசல்தான். ஆகவே அக்காவைப் பற்றி எழுத எனக்கு உரிமை உண்டு.

அவருடைய அப்பா பூ ஸித்ரா நகரத்துப் பணிமனையில் அரசுப் பேருந்துகளுக்கு மெக்கானிக்காக இருந்தவர். பணியில் இருக்கும்போதே இறந்துபோனார். வாரிசு வேலைக்கு அண்ணனைத்தான் கூப்பிட்டார்கள். அண்ணனோ இத்தாலியில் தக்காளி பறித்துக்கொண்டிருந்தான். ஸல்ஹா போய் நின்றார். அலுவலகத்தில் தேநீர் போடும் வேலை தருகிறோம் என்றார்கள். தேநீர் எனக்குக் குடிக்கத்தான் பிடிக்கும், டிக்கெட் பையைக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். மலை வழித்தடத்தில் பெண் நடத்துநரா என்று ஊர் கொஞ்ச நாள் பேசியது. பிறகு பேச வேறு விஷயம் கிடைத்துவிட்டது.

சங்கத்துக்கு வந்த கதையும் அப்படித்தான். ஒரு பனிக்காலத்தில் பேருந்தின் பின்கதவு மூடவில்லை. நாளைக்குப் பார்ப்போம், நாளைக்குப் பார்ப்போம் என்று பணிமனை இழுத்தடித்தது. ஒரு காலையில் அக்கா கரி அடுப்பைக் கொண்டுவந்து வண்டிக்கு முன்னால் வைத்து, தேநீர்க் கெண்டியை ஏற்றி உட்கார்ந்துவிட்டார். கதவு மூடினால்தான் எழுந்திருப்பேன் என்றார். தேநீர் மூன்றாவது கொதி காண்பதற்குள் கதவு மூடியது. அடுத்த தேர்தலில் பூ ஸித்ரா போக்குவரத்துத் தொழிலாளர் சங்கக் கிளைக்கு அவரையே செயலாளராக்கினார்கள்.

போன வருடம் ஆலிவ் பறிப்பு தொடங்கிய சமயத்தில் பணிமனைச் சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். அரசு செலவைக் குறைக்கிறது. ஆளில்லாத பேருந்துகளை ஓட்ட முடியாது. ஜனவரியிலிருந்து ஐன் கர்மா வழித்தடம் நிறுத்தப்படும். வேறு இரண்டு மலை வழித்தடங்களில் பாதி நடைகள் குறைக்கப்படும். எங்கள் மலைக்கு ஷேர் டாக்ஸி ஏறிவராது. பேருந்து நின்றால் பெண்பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிடுவார்கள். பையன்கள் பிக்கப் வண்டிகளின் பின்னால் தொங்கிக்கொண்டு போவார்கள். இரத்தச் சுத்திகரிப்புக்காக மருத்துவமனைக்கு இறங்குகிறவர்கள் என்ன செய்வார்கள் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

சங்க இல்லத்தில் கூட்டம் நடந்தது. லஸாத் எழுந்து வேலைநிறுத்தம் என்றார். பாதி அறை கைதட்டியது. தட்டி முடியும்வரை அக்கா காத்திருந்தார்.

"பஸ்ஸ நிறுத்தப்போறோம்னு அவங்க சொல்றாங்க. நிறுத்தாதேன்னு சொல்றதுக்கு நாம பஸ்ஸ நிறுத்தணுமா, லஸாத்? ரொம்ப நல்லா இருக்குய்யா. அவங்க வேலைய நாமளே சம்பளமில்லாம செஞ்சு கொடுப்போம்."

சிரிப்பில் வேலைநிறுத்தம் கரைந்தது. சிவப்புப் பட்டை என்று முடிவாயிற்று. கோபம் உண்டு, ஆனால் வேலை நிற்காது என்பதற்கு எங்கள் நாட்டுத் தொழிலாளி கையில் கட்டுவது அது. மறுநாள் எல்லா ஓட்டுநர், நடத்துநர் கைகளிலும் சிவப்புத் துணி. ஐன் கர்மாக் கிழவர்கள்கூட ஆளுக்கொரு துண்டு கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

பணிமனை மேலாளர் ஸி ஃபவ்ஸி பேச்சுக்கு அழைத்தார். ஆண் பெயருக்கு முன்னால் 'ஸி', பெண் பெயருக்கு முன்னால் 'லல்லா' என்று மரியாதைக்குச் சேர்ப்பது எங்கள் வழக்கம். இளவயதுக்காரர், பொய் சொல்லத் தெரியாதவர், மேலிடத்துக்கும் சங்கத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர். சங்கத்துக்குத் துண்டறிக்கை எழுதிக்கொடுப்பது என் வேலை என்பதால் நானும் கூடப் போயிருந்தேன். நிற்க இடமில்லாத பேருந்தை ஆளில்லாத பேருந்து என்று எந்தக் கண்ணால் பார்த்து எழுதினீர்கள் என்று அக்கா கேட்டார். ஸி ஃபவ்ஸி சண்டைக்கு வரவில்லை. விற்ற டிக்கெட்டுகளின் கணக்கை அக்கா பக்கம் திருப்பி வைத்தார். ஐன் கர்மா வண்டியில் ஒரு நடைக்கு விற்றது, ஒரு மேசையைச் சுற்றி உட்காரக்கூடிய ஆட்களுக்குத்தான்.

"இது உங்க பையில இருந்து வந்த கணக்குதான், லல்லா ஸல்ஹா," என்றார்.

அக்கா கணக்கைக் கடைசி வரிவரை பார்த்துவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

விஷயம் இதுதான். ஐன் கர்மா என்பது நாலைந்து குடும்பங்கள் பெருத்து ஊரானது. யாரைத் தொட்டாலும் அக்காவுக்குச் சித்தி, மாமன், மச்சினி. சொந்தக்காரரிடம் காசு கேட்பது எங்கள் மலையில் வெட்கக்கேடு. ஆகவே அக்கா கேட்டதில்லை. அவர்களும் வெறுங்கையோடு ஏறியதில்லை. முட்டை, அத்திப்பழம், அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த தபூனா ரொட்டி என்று ஏதாவது அவர் மடியில் வைத்துவிட்டுத்தான் உட்காருவார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு வருடாந்தரப் பாஸ். அது இந்தக் கணக்கில் வராது. டிக்கெட் வாங்கியவர்கள் வெளியூர்க்காரர்கள் மட்டும். நிரம்பி வழிந்த பேருந்து காகிதத்தில் காலியாக ஓடியது இப்படித்தான்.

வெளியே சொன்னால் அக்காவின் வேலை போகலாம். சொல்லாவிட்டால் பேருந்து போகும். கல்குவாரியில் வேலை செய்யும் அவர் வீட்டுக்காரர், உனக்கென்ன தலையெழுத்தா, வாயை மூடிக்கொண்டிரு என்று மன்றாடினாராம். மறுநாள் சங்க இல்லத்தில் அக்கா எழுந்து நின்று ஒன்று விடாமல் சொன்னார்.

"சபாஷ்," என்றார் லஸாத். "நம்மள வெட்ட அவங்க கத்தி தேடிக்கிட்டு இருந்தாங்க. நம்ம செயலாளர் அத முட்டைக்கு வித்திருக்காங்க."

"அந்த முட்டையில பாதி நீதான தின்ன?"

லஸாத் உட்கார்ந்துவிட்டார். பின்வரிசையில் இன்னொரு நடத்துநர் தொண்டையைச் செருமி, தன் வழித்தடத்தில் ஆலிவ் எண்ணெய் நடமாட்டம் உண்டு என்று ஒத்துக்கொண்டார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவருக்குத் தேன். அறையில் சிரிப்பு எழுந்து அடங்கியபோது எல்லாருக்கும் ஒன்று விளங்கியிருந்தது: டிசம்பர் கடைசியில் வட்டார நிர்வாகக் குழு கூடி இறுதி முடிவெடுக்கும்வரை, மலை வண்டியில் ஏறும் ஒவ்வொருவருக்கும் டிக்கெட். சிவப்புப் பட்டையும் இருக்கும், டிக்கெட்டும் இருக்கும்.

துண்டறிக்கையை நான் எழுதினேன். 'பேருந்து வேண்டுமா, டிக்கெட் வாங்குங்கள். உறவெல்லாம் பிறகு' என்று முடித்திருந்தேன். பட்டம் வாங்கியவன் எழுதிய வரி என்று எனக்கே பெருமையாக இருந்தது. அக்கா படித்துப் பார்த்து, கடைசிப் பாதியை அடித்தார். நீ ஊருக்குள் திரும்பி வர வேண்டாமா என்று கேட்டார்.

எழுதுவது சுலபம். கேட்பதுதான் கஷ்டம். முதல் நாள் முதல் நிறுத்தத்திலேயே மன்னூபிய்யா சித்தி ஏறி, துணியில் சுற்றிய முட்டைகளை வழக்கம்போல் அக்கா மடியில் வைத்தார். அக்கா அதை எடுத்துச் சித்தியின் கூடைக்குள்ளேயே வைத்துவிட்டு, டிக்கெட்டைக் கிழித்து நீட்டினார்.

"என்னடி இது?"

"டிக்கெட் சித்தி."

"உங்கம்மாவுக்குப் பிரசவம் பாத்தவ நான். உன்ன முதல்ல தூக்கினது இந்தக் கை. இந்தக் கையிலயா டிக்கெட்டு வைக்கிற?"

"அந்தக் கையாலயே ஒரு தினார எடு. இல்லன்னா ஜனவரியில இருந்து காலால நட."

சித்தி காசை எடுத்துக் கொடுத்தார். பூ ஸித்ரா வரும்வரை ஜன்னலைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. அன்று மாலைக்குள் ஊர் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. பதவி வந்ததும் ஸல்ஹாவுக்குக் கண் தெரியவில்லை என்றார்கள். நெருங்கிய சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்கு அவருக்கு அழைப்பு வரவில்லை. அக்கா அசரவில்லை. கோபத்தோடு வாங்கினாலும் டிக்கெட் டிக்கெட்தான் என்பார். காசில்லாமல் கை பிசைகிறவர்களுக்குச் சங்க நிதியிலிருந்து டிக்கெட் கிழித்தார். சும்மா மட்டும் யாரையும் ஏற்றவில்லை.

அடுத்த சந்தை நாளில் சித்தி ஒரு கோழியை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஏறி, இரண்டு டிக்கெட் கேட்டார்.

"ஒண்ணு எனக்கு, ஒண்ணு இதுக்கு. உன் கம்பெனிக்கு ஆள் போதலையாமே. இதையும் எண்ணிக்கட்டும்."

பேருந்து சிரிப்பில் குலுங்கியது. அதன் பிறகு ஊரின் கோபம் அக்காவை விட்டு நிர்வாகத்தின் பக்கம் திரும்பிவிட்டது. நடந்து போகக்கூடிய தூரத்துக்கெல்லாம் ஏறி இறங்கினார்கள். டிக்கெட் வாங்காமல் உட்கார்ந்த ஒரு மாமனை, அவருடைய மருமகளே எழுப்பிவிட்டாள்.

குழு கூடுவதற்கு முந்தைய சந்தை நாளில், பூ ஸித்ரா நிலையத்தில் ஸி ஃபவ்ஸி எங்கள் வண்டிக்காகக் காத்திருந்தார். படியோரம் நின்று, இறங்குகிறவர்களைக் கடைசி ஆள்வரை பார்த்தார். பிறகு அக்காவிடம் வந்து, தான் நம்புவதாகவும் குழு நம்பாது என்றும் சொன்னார். இது கொஞ்ச நாள் நாடகம் என்பார்களாம். இத்தனை பேரும் இதுவரை எங்கே இருந்தார்கள் என்று கேட்பார்களாம்.

"இதே சீட்லதான் இருந்தாங்க, ஸி ஃபவ்ஸி. நான்தான் டிக்கெட் கிழிக்கல. அப்படியே எழுதிக்கோங்க. தண்டனைய எனக்குக் கொடுங்க. பஸ்ஸுக்குக் கொடுக்காதீங்க."

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"யோசிக்காம சொல்ல நான் என்ன மேனேஜரா?"

அவர் சிரிக்கக் கூடாது என்றுதான் நினைத்தார், முடியவில்லை. ஆனால் எழுதிக்கொண்டு போனார், உள்ளபடி.

ஐன் கர்மா வழித்தடம் நிற்கவில்லை. மதிய நடையை எடுத்துவிட்டார்கள். காலையும் மாலையும் தங்கின. மற்ற இரண்டு வழித்தடங்களிலும் குறைப்பைத் தள்ளிவைத்தார்கள். அக்காவுக்குச் சம்பளமில்லாமல் ஒரு மாதப் பணியிடைநீக்கம். லஸாத்தும் மற்றவர்களும் அவருக்காக மறுபடி சிவப்பு கட்டுவோம் என்று கிளம்பினார்கள். எனக்காகக் கட்டாதீர்கள், பறிபோன மதிய நடைக்காகக் கட்டுங்கள் என்று அக்கா அனுப்பிவைத்தார்.

அந்த மாதத்தில் அவர் வீட்டில் உட்காரவில்லை. மலைக்கு அந்தப் பக்கத்து ஊரிலும் இரண்டு பேருந்துகளை நிறுத்தப்போவதாக அறிவிப்பு வந்திருந்தது. அங்குள்ள கிளை வேலைநிறுத்தத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அவர்களுடைய தேநீரைக் குடித்தார். அமைச்சகத்தை அவர்கள் திட்டி முடிக்கும்வரை தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"எல்லாம் சரி. டிக்கெட் கிழிக்கிறீங்களா?" என்று கேட்டார்.

முன்வரிசையில் இருந்த நடத்துநர் தன் கண்ணாடிக் குவளையைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்தார்.

"எங்க மாமனார் ஊரு அந்த ரோட்லதான் இருக்கு, அக்கா," என்றார் கடைசியில்.

அக்கா தன் நாற்காலியை இழுத்து மேசைக்கு நெருக்கமாகப் போட்டுக்கொண்டார்.