முன்னறிவிப்பில் இல்லாத ஊர்

இரண்டு வருடங்களுக்கு முன் ஓர் ஆவணி மாதம். விமானம் ஓட்டப் பழகிக்கொண்டிருந்த நான், முதன்முறையாகத் தனியாக இன்னொரு ஊர் விமானத் தளத்துக்குப் போய் வர வேண்டிய நாள். வழியில்தான் எங்கள் உத்திரமேரூர் ஏரி. மேலிருந்து அடையாளம் பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது.

விமானிகளுக்கான வானிலை முன்னறிவிப்பு டி.வி.யில் சொல்வது போல இருக்காது. எழுத்தும் எண்ணுமாக, பார்த்தாலே தலை சுற்றும். நேரம்கூட நம் நேரம் இல்லை, கிரீன்விச் நேரம். ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். அதைத் தட்டுத்தடுமாறிப் படிக்கக் கற்றதும் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிட்டது. ஊருக்குப் போன் செய்யும்போதெல்லாம் மழை உண்டா இல்லையா என்று அடித்துச் சொல்வேன். அப்பாவும் அதை நம்பி நெல்லைக் காயப்போடுவார். ஒரு தடவைகூடப் பொய்க்கவில்லை. பொய்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்று காலை, கிளம்பும் இடத்துக்கும் போய்ச்சேரும் இடத்துக்கும் முன்னறிவிப்பைப் பார்த்தேன். இரண்டிலும் மழை இல்லை. உடனே வீட்டுக்குப் போன் போட்டு, மதியத்துக்கு மேல் ஏரிக்கரையில் வந்து நில்லுங்கள், இறக்கையை ஆட்டிக் காட்டுகிறேன் என்றேன். வானம் எப்படி இருக்கும் என்று அம்மா கேட்டதற்கு, மழை கிடையாது என்று சொல்லிவிட்டேன். பயிற்சியாளர் மட்டும், வழியில் மேகம் திரண்டிருந்தால் சந்து பார்த்து நுழையாதே, பேசாமல் திரும்பிவிடு என்று சொல்லி அனுப்பினார்.

பாதி வழி வரை வானம் பளிச்சென்று இருந்தது. பிறகு எதிரே ஒரு கறுப்பு எழுந்தது. சுவர் மாதிரி, கீழே மழை, மேலே கண் போகும் உயரத்துக்கு மேகம். அது நின்றிருந்தது சரியாக எங்கள் ஏரிக்கு மேலே. விமானம் குலுங்கியது. சீட் பெல்ட் தோளை அறுத்தது. அப்போதுதான் புத்தியில் உறைத்தது. நான் படித்த முன்னறிவிப்பு அந்தந்த விமானத் தளத்தைச் சுற்றிச் சில கிலோமீட்டருக்கு மட்டும்தான். நடுவில் இருக்கும் எங்கள் ஊரைப் பற்றி அதில் ஓர் எழுத்துகூடக் கிடையாது. பாடத்தில் படித்ததுதான். பரீட்சையில் சரியாக எழுதியதும்தான்.

மேகத்துக்குள் வெள்ளையாக ஒரு மின்னல் கீழே இறங்கியது. அதுவரை என் உயிருக்குத்தான் பயந்துகொண்டிருந்தேன். அந்த நொடியில் பயம் இடம் மாறிவிட்டது. அந்த வெட்டவெளிக் கரையில் அப்பாவும் அம்மாவும் நிற்கிறார்கள். நிற்கச் சொன்னது நான்.

ரேடியோவில் திரும்புகிறேன் என்று சொன்னேன். அந்த ரேடியோவில் கண்ட்ரோல் டவரிடம் பேசலாம், அம்மாவிடம் பேச முடியாது. விமானத்தைத் திருப்பியபோது அவர்களை அங்கேயே விட்டுவிட்டு ஓடுவது போல இருந்தது. வாய்விட்டு அழுதுகொண்டே ஓட்டினேன்.

இறங்கியதும் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. திரும்பத் திரும்பப் போட்டேன். என்னென்னவோ நினைத்துவிட்டேன், எழுதக் கை வரவில்லை. கடைசியில் அம்மா எடுத்தார். கரையில் அவர்களுக்குப் பக்கத்திலிருந்த பனைமரத்தில் இடி விழுந்ததாம். இருவரும் கீழே விழுந்து, எழுந்து, நனைந்தபடி வீடு வந்து சேர்ந்திருக்கிறார்கள். அம்மாவுக்கு ஒரு காது அடைத்துப்போயிருந்தது. அதனால் சத்தமாகப் பேசினார்.

இருட்டிக்கொண்டு வந்ததும் ஓட வேண்டியதுதானே என்று கத்தினேன்.

"ரோட்ல போறவங்கல்லாம் சொன்னாங்கம்மா, இடி இடிக்குது வூட்டுக்குப் போங்கன்னு. உங்க நைனாதான் நகரல. எம் பொண்ணு பாத்து சொல்லிக்கீது, மழ வராதுன்னு சொல்லிக்கினே நின்னாரு."

அம்மா விடாமல் கேட்டார், "நீ பத்திரமா எறங்கிட்டியா? சாப்ட்டியா?"

இப்போது லைசென்ஸ் வாங்கிவிட்டேன். அப்பா இன்றைக்கும் மழை வருமா என்று என்னிடம்தான் கேட்கிறார். தெரியாது என்று சொல்லத்தான் எனக்கு நிறையத் தைரியம் தேவைப்படுகிறது. ஆனாலும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் மழை வராது என்று சொன்னால் அவர் அப்படியே நம்பி வெட்டவெளியில் நின்றுவிடுவார்.